கம்ப்ரசர் பாய்

ஷாநவாஸ் இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்தி, எஞ்சின் பெல்ட்டை விரல் நுனியால் ஒரு பக்கமாக ஒதுக்கினார். அது வழுக்கி விலகியது. பிறகு நீளமான ஸ்பானரை நட்டில் மாட்டி, இடது முழங்கையை காரின் முகப்பில் ஊன்றிக்கொண்டு ஒரே இழுப்பில் இளக்கினார். பெல்ட் சுற்றி ஓடும் புல்லியைக் கழற்றிப் பழைய கைலித் துணியின் மேல் வைத்தார். பக்கத்தில் இருந்த புதுப் புல்லி அதைவிடச் சிறியது.

காரின் பின்பக்கம் வெள்ளி எழுத்துகளில் 'கம்ப்ரசர்' என்று எழுதியிருக்கும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜருக்கு ஜெர்மன்காரர்கள் வைத்த பெயர் அது. அவர் ஊரான கட்டுமாவடியில் கம்ப்ரசர் என்றால் ஃபிரிட்ஜில் இருப்பது. வண்டி வந்த புதிதில் மீன் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, "பாய், எங்க பெட்டி கூலாக மாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றார். அன்றிலிருந்து ஷாநவாஸுக்குக் கம்ப்ரசர் பாய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

வயதில் நல்ல பாதி அவருக்கு ஷார்ஜாவில் ஒரு கராஜில் போனது. வசதியான வீட்டுப் பையன்களின் கார்களுக்கு வேகம் ஏற்றிக் கொடுப்பது அங்கே வேலை. பெரிய புல்லியைக் கழற்றிச் சிறியதை மாட்டினால் சூப்பர்சார்ஜர் கூடுதலாகச் சுற்றும். காற்று கூடும், இழுவை கூடும். கூடவே ஒரு சத்தமும் ஏறும். வாடைக் காற்றில் விசைப்படகின் கம்பிக் கயிறு இரைவது போல மெலிதாக, நீளமாக. கம்ப்யூட்டர் இருந்தாலும் ஷாநவாஸ் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வேலையைச் சரிபார்ப்பார். காதுக்கு மாட்டிக்கொள்ள மூடி கொடுத்திருந்தார்கள். மாட்டினால் சத்தம் சரியாகப் பிடிபடாது என்று அவராகவே அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார்.

வேலை முடிந்த காரை மெக்கானிக், கராஜ் கேட் வரைக்கும்தான் ஓட்டலாம். அங்கே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். சொந்தக்காரன் பெரிய ரோட்டில் ஏறி மிதிப்பான். சத்தம் எழும்பி, தள்ளிப் போய், தேய்ந்து, மறையும். ஷாநவாஸ் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். உள்ளே உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை ஃபோனில் மனைவி சாரா உம்மாளிடம் சொன்னார். "சாப்புட்டீங்களா?" என்று கேட்டார் சாரா உம்மாள்.

ஊர் திரும்பிய பிறகு, திருமயம் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் எலி கடித்த வயர்களோடு இந்தக் கார் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வாங்கினார். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அதை ஓட வைத்தார். ஓட்டிப் பார்த்தால் சத்தம் வந்தது. ஆனால் சுவருக்கு அங்கிட்டு யாரோ பாடுவது மாதிரி மங்கலாக வந்தது.

மங்கல் வண்டியில் இல்லை. குழாய் சொட்டுவது அவருக்குத் தெரிவதில்லை. செல்போன் அலாரம் அடித்து ஓய்ந்தாலும் தூங்குவார். புதுக்கோட்டை காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது, கனத்த சத்தம்தான் மிச்சம், அதுவும் குறையும் என்றார். இரைச்சலில் செத்த காது நரம்பு மறுபடி பிழைப்பதில்லை. காது மெஷின் வைத்துப் பார்த்தார். பேச்சு தெளிந்தது, கார் அப்பளம் நொறுக்குவது போலக் கேட்டது.

மிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை, உள்ளே உட்கார்ந்து, முழுசாகக் கேட்டுவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டினால் கேட்கும் என்று நினைத்தார். அதற்காகத்தான் இந்தச் சின்னப் புல்லி.

அதைக் கடைந்து கொடுத்தவர் ரத்தினவேல். வல்லத்திராக்கோட்டைக்காரர், புதுக்கோட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். சாயங்காலம் வெள்ளோட்டம் பார்க்க அவரும் வந்திருந்தார்.

"பாய், ரோட்டுல கழண்டு ஓடுச்சுன்னா எம்பேரச் சொல்லிராதீங்க."

"ஒங்க பேரத்தான் வேலு மொதல்ல சொல்லுவேன்."

"ரெண்டு பேரும் கை கால ஒடச்சிக்கிட்டுப் படுத்தா கஞ்சி ஊத்தப் போறது நாந்தானே," என்று சொல்லிக்கொண்டே சாரா உம்மாள் முன் சீட்டில் ஏறினார். "நானும் வாரேன்."

மணமேல்குடி ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்ததும் ஷாநவாஸ் கண்ணாடியை இறக்கிவிட்டு மிதித்தார். அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. முனகல் தடித்து, ஏறியது. அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியது. சட்டென்று இல்லாமல் போனது.

பெல்ட் அறுந்துவிட்டது என்று நினைத்து ஓரங்கட்டினார். பானெட்டைத் திறந்தார். பெல்ட் இருந்தது. புல்லியும் இருந்தது.

"என்ன பாய் நிறுத்திட்டீங்க?" ரத்தினவேல் இறங்கி வந்தார். "இப்பத்தானே பாட ஆரம்பிச்சுச்சு."

"எங்க பாடுச்சு?"

ரத்தினவேல் சாரா உம்மாளைப் பார்த்தார். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"பாடுச்சுங்க. ஒங்களுக்குத்தான் கேக்கல," என்றார் சாரா உம்மாள்.

புல்லி சிறுத்தால் சத்தம் கூடுவது மட்டுமல்ல, கீச்சென்று மேலேயும் போகும். வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டவருக்கு இது தெரியாமல் இல்லை. ஆசையில் தோன்றவில்லை. அவர் காது விட்டுவிட்ட இடத்துக்கு வண்டி ஏறிவிட்டது.

"எப்படி இருந்துச்சு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? தைக்கிற மெஷின வெரட்டி ஓட்டுனாப்ல இருந்துச்சு." கொஞ்சம் பொறுத்து, "நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

ஷாநவாஸ் சாவியை நீட்டினார். "வேலு, நீங்க ஓட்டுங்க. நா இங்கிட்டே நிக்கிறேன்."

ரத்தினவேல் கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு விரட்டி வந்தார். டயர் சத்தம் வந்தது, எஞ்சின் உறுமல் வந்தது, வேறொன்றும் இல்லை. கார் அவரைக் கடந்தது. கடந்த மறுகணம், எங்கிருந்தோ இறங்கி வந்த மாதிரி, அந்த இழை காதில் விழுந்தது. போகப் போக மெலிந்து, சவுக்குத் தோப்புக்கு அப்பால் நின்றது.

அவர் கழுத்தை நீட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றார்.

"கேட்டுச்சா?" என்றார் சாரா உம்மாள்.

"போறப்ப மட்டும் கேட்டுச்சு."

"ஷார்ஜாவுல நின்னு கேட்டது பத்தாதுன்னா இத வாங்குனீங்க?"

கடந்து போகிற வண்டியின் சத்தம் சுருதியில் ஒரு படி இறங்கும். ரயில் ஹார்ன் நம்மைத் தாண்டியதும் இறங்குவது போல. இறங்கினால் அவருக்குக் கேட்கிறது. வீடு வந்து சேரும் வரை அவர் வண்டியை விரட்டவில்லை.

மறுநாள் காலை ரத்தினவேல் ஷட்டரைத் தூக்கும்போதே புருஷனும் பெண்சாதியும் பட்டறை வாசலில் நின்றார்கள்.

"வேலு, பெரிய புல்லி ஒண்ணு வேணும். பழசவிடப் பெருசா."

"பழசவிடவா? ஊரே சின்னதாக்குது. நீங்க பெருசாக்குனா இழுவை போயிரும் பாய். டவுன் பஸ்ஸு ஒங்கள ஓவர்டேக் பண்ணும்."

"பண்ணட்டும். சத்தம் எறங்கணும்."

"எம்புட்டு எறங்கணும்?"

ஷாநவாஸ் யோசித்தார். வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்துக் காட்டினார். ரத்தினவேல் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "பெல்ட்டும் கொஞ்சம் நீளமா வேணும்," என்றார்.

பெல்ட் வாங்கிவரக் கடைவீதிக்குக் கிளம்பினார் சாரா உம்மாள். ரத்தினவேல் அடுக்கிலிருந்து தடிமனான இரும்பு உருளை ஒன்றை எடுத்து லேத்தில் பூட்டி, சுவிட்சைப் போட்டார்.