மச்சாளின் டாங்கியில் ஊற்றிய கசிப்பு

மோட்டார் சைக்கிளின் டாங்கி மூடியைத் திறந்து, காய்ந்த கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தபடி மச்சாள் எங்கள் முற்றத்தில் நின்ற காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. முள்ளியவளையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்கும் அரசாங்க மருத்துவமாது. நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாமற்போன காலம் அது. வரிசையில் நின்றும் வெறும் பெற்றோல் கானோடு திரும்பியிருந்தா. காட்டோரக் குடியிருப்பு ஒன்றில் தலைப்பிள்ளை வயிற்றிலிருந்த ஒருத்திக்குக் கால் வீங்கி, இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பஸ் போகாத இடம். அடிக்கடி போய்ப் பார்த்தே ஆகவேண்டும்.

"பிள்ளை பிறக்கிறது பெற்றோல் கப்பல் வருமட்டும் காத்துக்கொண்டு இருக்காது. நீர் கெமிஸ்ரி படிப்பிக்கிறனீர். வேற என்னத்தில இது ஓடும்?" என்று கேட்டா.

போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இப்போது அதுவும் இல்லை. எதனோலில் ஓடும் என்றேன். வகுப்பில் சமன்பாடாக எழுதி அழிக்கும் விஷயத்தை முற்றத்தில் நின்று விளக்கவேண்டி வந்தது. ஒரு லீற்றர் பெற்றோல் தரும் வெப்பத்தை ஒரு லீற்றர் எதனோல் தராது. அதே தூரம் போக அதிகம் ஊற்ற வேண்டும். குளிரில் எஞ்சின் இலகுவில் பற்றாது. ரப்பர் குழாய் கெட்டுப்போகலாம். தண்ணீர் கலந்திருந்தால் இடைவழியில் நின்றுவிடும். ஆனால் கரிப்புகை இல்லாமல் எரியும், எஞ்சினுக்குள் தட்டும் சத்தமும் வராது.

"அப்ப எது நல்லது?"

"பெற்றோல் இருந்தால் பெற்றோல்தான் மச்சாள்."

"இல்லையெண்டுதானே உம்மட்டைக் கேக்கிறன்."

எதனோலுக்கு அவா போன இடம் எவரும் எதிர்பாராதது. குடித்த புருஷன்மாரிடம் அடிபட்ட மனைவிமாரின் காயங்களுக்கு மருந்து கட்டிக் கட்டி, கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சுபவனின் படலையில் நின்று வருடக்கணக்காய்ச் சண்டை பிடித்தவ மச்சாள். அன்றைக்கு அதே படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனா. பொலிசோடு வந்திருக்கிறா என்று நினைத்து அவன் பின்பக்கம் ஓடப் பார்த்தானாம். "ஓடாதை. இருக்கிறதெல்லாத்தையும் கானில ஊத்து. இது ஒருத்தன்ரை வயித்துக்கையும் போகாது" என்றிருக்கிறா.

குசினிக்கு வெளியே வைத்து அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தேன், நீர் நன்றாகக் குறையும்வரை. கார்புரேட்டரில் எரிபொருள் வரும் சின்னத் துளையை என் கணவர் பெருப்பித்துக் கொடுத்தார். தையல் மெசின் துடைக்க வைத்திருந்த பெற்றோலில் சில துளி விட்டு உதைத்தபோது, எஞ்சின் இருமி, தயங்கி, பிறகு ஓடியது. மச்சாள் சிரிக்கவில்லை. பையைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டுவிட்டா.

சில நாட்கள் அப்படியே போய்வந்தா. ஒருநாள் வீதித்தடையில் மணம் பிடித்த பொலிஸ்காரர் கானைத் திறந்தார்.

"அம்மா, இது கசிப்பு."

"ஓம் தம்பி. குடிச்சது நானில்லை, இந்தச் சைக்கிள். இஞ்ச பாருங்கோ." அவருக்கு முன்னாலேயே மிச்சத்தை டாங்கியில் ஊற்றி உதைத்து ஓட்டிக் காட்டியிருக்கிறா. "வழக்கை எழுதி வையுங்கோ. அங்க ஒருத்தி ஆபத்தில கிடக்கிறாள். திரும்பி வரேக்கை நானே வாறன்."

அவர் விட்டார். அங்கே அந்தப் பெண் தலையிடியில் துடித்துக்கொண்டு, கண் மங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மச்சாள் அம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை அவளோடிருந்து, ஆஸ்பத்திரிவரை கூடப் போனா. சத்திர சிகிச்சையில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் தப்பினாள். சொன்னபடியே மச்சாள் வீதித்தடைக்குத் திரும்பிப் போனா.

காய்ச்சியது யார் என்று பொலிஸ் கேட்டதற்கு, "டாங்கி என்ரை" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அவா தனியே நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஆசிரிய வேலை போனால் போகட்டும் என்று நானும் போய், காய்ச்சியது நான்தான் என்றேன். நீதிமன்றம் இருவரையும் எச்சரித்து விட்டது. ஆனால் மச்சாளுக்குச் சுகாதாரத் திணைக்கள விசாரணையும் வந்தது. முடிவில் புளியங்குளம் பக்கம் இடமாற்றினார்கள்.

இன்று பெற்றோல் நினைத்த நேரம் கிடைக்கிறது. வரிசைகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். எரிபொருள் பாடம் வரும்போது மச்சாளின் கதையைச் சொல்லாதே என்று பாடசாலையில் சிலர் புத்தி சொல்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். அந்த விசாரணைக்குத் துணையாகப் போய் அறைவாசலில் நின்று எல்லாம் கேட்டவள் நான்.

"இனி இப்பிடிச் செய்யமாட்டன் எண்டு எழுதித் தாங்கோ, பிரச்சினையை முடிப்பம்" என்றார் விசாரித்த அதிகாரி, தயவாகத்தான்.

மச்சாள் பேனையை எடுத்து அவர் பக்கமாகவே நீட்டினா.

"இனிப் பெற்றோல் இல்லாமல் போகாது எண்டு முதல் நீங்கள் எழுதித் தாங்கோ ஐயா. பிறகு நான் எழுதுறன்."