தீனிக்காரி

கதவைத் திறப்பதற்கு முன் விரல் முட்டியால் இரண்டு தட்டு. உள்ளே ஆள் யாரும் இல்லை. உடல் சூட்டில் உயிரணுக்களை வளர்க்கும் பெட்டி அது. தட்டிவிட்டுத்தான் கிண்ணங்களை எடுப்பாள், பழைய திரவத்தைக் குழாயால் உறிஞ்சி எடுப்பாள், உயிரணுக்களுக்குத் தீனியாகப் புதியதை ஊற்றுவாள். ஆய்வகத்தில் இருபது வருஷமாக இதே வேலை. 'தீனிக்காரி' என்று பெயர் வைத்தது அவளுடைய அக்கா.

அந்த அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வந்தவள் நான். மருந்துச் சோதனைக்கு அக்கா போட்ட சம்மதக் கையெழுத்தை ஆய்வகத்தில் கொடுக்கப் போனபோதுதான் தட்டுவதைக் கண்டேன்.

"யாரைக் கூப்பிடுற?"

"திடீர்னு வெளிச்சம் பட்டா அக்காவுக்குப் பிடிக்காதும்மா."

கிண்ணங்களில் இருந்தவை அக்காவின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தவை. இரண்டு கிண்ணம், ஒன்றில் மட்டும் புது மருந்து. பதினான்கு நாளில் அதில் பெருக்கம் நின்றால் அக்காவுக்கு அதே மாத்திரை. நிற்காவிட்டால் மருத்துவரிடம் வேறு வழி இல்லை.

மருந்து என்ன செய்யும் என்று கேட்டேன். பொத்தான் தைக்க வைத்திருந்த நூல்கண்டைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள்.

"மரபணு இந்த நூல்னா, அதைச் சுத்தி வச்சிருக்கிற ஹிஸ்டோன்ங்கற புரதம் இந்தக் கண்டு. எங்க இறுக்கணும், எங்க தளர்த்தணும்னு கண்டுமேல குறி போட நொதிங்க இருக்கு. அக்காகிட்ட ஒரு நொதிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. 'பெருகினது போதும்'னு சொல்ற மரபணுவை இறுக்கிக் கட்டிடுச்சு. அந்த மரபணு கெட்டுப்போகலம்மா, உள்ளயேதான் இருக்கு. வாயைத்தான் கட்டியிருக்கு. மருந்து அந்த நொதியோட கையைப் பிடிச்சுக்கும்."

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்பாள்: "இன்னிக்கு நான் என்னடி பண்ணினேன்?"

"ஒரு கிண்ணத்துல ஒண்ணுமேல ஒண்ணா ஏறிக்கிட்டிருக்கே. இன்னொண்ணுல சும்மா படுத்திருக்கே."

"இங்கயும் படுத்துத்தானே இருக்கேன்!" அக்கா சிரிப்பாள். எத்தனையோ நோயாளிகளின் படுக்கைகளைப் பார்த்த எனக்குப் பிடரி சிலிர்க்கும்.

பதினான்காம் நாள் மருந்துக் கிண்ணம் அடங்கிவிட்டது. மறுநாள் மாத்திரை தொடங்கும். மருந்து படாத கிண்ணத்தை அழித்துவிட வேண்டும், அது விதி. பகல் பதினோரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"அக்கா, ப்ளீச் ஊத்தப் போறேன். உனக்கு ஒண்ணும் பண்ணலயே?"

"ஊத்தித் தொலைடி. ஏதோ என் தலையில ஊத்துற மாதிரி கேக்குறா பாரு!"

ஊற்றும் சத்தம் கேட்டது. கையுறையைக் கழற்றினாள். அவளுடைய ஆள்காட்டி விரல் தன் திரையில் தெரிந்த அக்காவின் முகத்தை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்து, அசையாமல் நின்றது. மூச்சு வருகிறதா என்று நோயாளியின் மூக்கடியில் நாங்கள் வைத்துப் பார்ப்போமே, அப்படி.