நல்ல நாள் பார்த்து எண்ணியவள்

இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, ஈரக் கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து, புஷ்பவள்ளி நேற்றைய தாளைக் கிழிக்கிறாள். மஞ்சக்குப்பத்து மளிகைக் கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற தினசரி காலண்டர் அது. ஃபிரிட்ஜுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம் என்று உதடு அசைய ஒருமுறை படிப்பாள். படித்தது போதாதென்று போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்வாள். அதற்குள் இட்லி வெந்துவிடும்.

சந்திராஷ்டமம் என்றால் அன்றைக்கு யாரிடமும் வாய் கொடுக்க மாட்டாள். புதுப் பேனாவில் முதல் எழுத்து எழுதுவது, பரீட்சைத் தாள் கட்டைப் பிரிப்பது, பக்கத்து வீட்டுக்காரியிடம் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. ராகு காலம் முடியக் கொஞ்சம் பாக்கியிருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளேயே நிற்பாள். கணவர் செந்தமிழ்செல்வனுக்கு இதிலெல்லாம் துளிகூட நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தெருவில் உட்கார்ந்திருப்பார். "என்னா, ராகு எறங்கிட்டாரா, போலாமா?" என்று மட்டும் கேட்பார்.

இப்படிப்பட்டவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று நினைக்கிறீர்கள்? கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். அதிலும், சில பேரை மட்டும் கேட்டு ஊர் மொத்தத்தின் கணக்கைச் சொல்வது எப்படி என்கிற பாடம்தான் அவளுக்குப் பிடித்த பாடம். யாரைக் கேட்பது என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. நமக்குத் தோதான ஆளாகப் பார்த்துக் கேட்டால் கணக்கு பொய் சொல்லும் என்று தொண்டை வற்றச் சொல்வாள். சொன்னால் மட்டும் போதுமா? கேள்வி கேட்க ஆள் பிடிப்பதற்குக்கூட முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு வருகைப் பதிவேட்டை முன்னால் விரிப்பாள். "கண்ண மூடிக்கிட்டு வெரல வையி. மனசு போற எடத்துக்குக் கை போவக்கூடாது" என்பாள். விரல் யார் பெயரில் விழுந்ததோ அவள் எழுந்து நிற்க வேண்டியதுதான். விரல் தன் பெயரிலேயே விழுந்து மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

போன வருஷக் கடைசியில் கல்லூரிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. ஊர்களின் போக்குவரத்துக் கணக்கைச் சரிசெய்ய யாரிடம் நல்ல யோசனை இருக்கிறது என்று ஒரு போட்டி. இறுதிச் சுற்று சிதம்பரத்தில். ஜெயிக்கிறவர்களின் முறையை வைத்தே அவர்கள் ஊர் டவுன் பஸ் நேரங்களைச் சில மாதம் மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள் என்று போட்டிருந்தது. பரிசுக் கேடயம் பல இடத்தில் கொடுக்கிறார்கள், பஸ்ஸைத் திருப்புகிற அதிகாரம் யார் கொடுப்பார்கள்? கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் நித்யா மேரிதான் அதை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு யோசனை கண்டுபிடித்தார்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு டிக்கெட் இருக்கிறது, எண்ணிவிடலாம். ஷேர் ஆட்டோவில் போகிறவர்களை எந்தக் கணக்கும் பிடிப்பதில்லை. ஆள் ஏறும்போதெல்லாம் ஆட்டோக்காரர் போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், நித்யா மேரி எழுதிய நிரல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தினமும் தட்டச் சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கேட்க மாட்டார். ஆகவே மாதத்தில் சில நாள் மட்டும் எண்ணுவது என்று முடிவாயிற்று. அந்த நாட்களைக் குறிக்கும் பொறுப்பு புஷ்பவள்ளியுடையது.

தை பிறந்ததும் ஆரம்பித்தார்கள். எண்ணுகிற நாளில் லீவு போட்டுவிட்டு புஷ்பவள்ளியே திருவந்திபுரத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்து, டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து, தட்டுவதற்கும் ஏறுவதற்கும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பாள். பட்டுப் புடவையும் மல்லிகைப் பூவுமாகக் கூட்டம் அம்மும். மூத்த ஆட்டோக்காரர் யாகப்பனுக்கு அவளைக் கண்டாலே முகம் மலரும். அவள் ராசிக்காரியாம், அவள் வந்து உட்கார்ந்தாலே சவாரி ஜாஸ்தியாம். ஒரு டீயும் வாங்கிக் கொடுப்பார். புஷ்பவள்ளிக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. வீட்டில் போய்ச் சொல்லியும் காட்டினாள்.

நித்யா மேரியின் நிரல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு தீர்ப்பு சொன்னது: திருவந்திபுரத்துக்குக் காலையில் பஸ் பத்தாது, முதுநகர் பக்கத்திலிருந்து ஒரு பஸ்ஸை இந்தப் பக்கம் திருப்பலாம். எந்தப் பஸ் என்று பார்த்தால், புஷ்பவள்ளியின் முதல் பெஞ்சு முழுக்க ஏறி வருகிற பஸ் அது. அதை விட்டால் அந்தப் பெண்கள் இரண்டாம் பாடவேளைக்குத்தான் வந்து சேர முடியும். என்ன செய்வது, தனக்கு வேண்டிய ஆள் என்று கணக்கை வளைக்கலாமா என்று தன்னையே அடக்கிக்கொண்டாள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டார்கள் என்ற சேதி வந்த அன்று முதல் தூக்கம் போயிற்று.

தூக்கம் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இறுதிச் சுற்று வைத்திருந்த நாள் ஆனி மாதத் தேய்பிறை நவமி. வெள்ளிக்கிழமை, அதுவும் பத்தரைக்கு, சுத்தமான ராகு காலம். வாழ்க்கையில் ஒரு நல்ல காரியத்துக்கு அவள் குறிக்காத நாளில் அவள் போவது இதுதான் முதல் தடவை. காலண்டரை ஒரு வாரமாக எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே போனால் நாள் இன்னும் மோசமாகிவிடும் என்பதைப் போல. சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டாள். செந்தமிழ்செல்வன் தயிர் ஊற்றிக்கொண்டார்.

முதல் நாள் அஷ்டமி. கல்லூரி விட்டதும் மலைமேல் இருக்கும் ஹயக்ரீவரைக் கும்பிட்டுவிட்டு வந்தால் மனசு அடங்கும் என்று திருவந்திபுரம் கிளம்பினாள். ஆட்டோ நிற்கும் இடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு ஈ காக்கை இல்லை. ஆட்டோக்கள் வரிசையாக நிற்க, யாகப்பன் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஏதாவது வேலைநிறுத்தமா என்று கேட்டாள். அவர் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"ஸ்டிரைக்கா? முகூர்த்தம் இல்லன்னா காலையிலேருந்தே இங்க இதான் கதி, டீச்சர். ஆமா, நீங்க என்னா இன்னிக்கி வந்துட்டீங்க? முகூர்த்த நாள் தவிர ஒங்கள இங்க பாத்ததே இல்லியே."

அவள் ஆட்டோவில் ஏறவில்லை. போனை எடுத்து, மாதக்கணக்காகச் சேர்ந்திருந்த காலண்டர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எண்ணிய நாள் ஒவ்வொன்றிலும் சுபமுகூர்த்தம், சுபமுகூர்த்தம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நல்ல காரியமாயிற்றே என்று ஒவ்வொரு முறையும் நல்ல நாளாகப் பார்த்துக் குறித்திருக்கிறாள். ஊரில் இருக்கிற கல்யாண வீட்டுக்காரர்களும் அதே காலண்டரைப் பார்த்து அதே நாளைத்தான் குறித்திருக்கிறார்கள். முகூர்த்த நாளில் திருவந்திபுரம் கோயிலில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று இந்த ஜில்லாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கே அங்கேதான் கல்யாணம் ஆயிற்று.

யாகப்பன் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். சாமி கும்பிடப் போகாமலே வீட்டுக்குத் திரும்பினாள். ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டு கிடந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்பதைவிட, நித்யா மேரியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. அந்தப் பெண் கோடை விடுமுறை முழுவதையும் இதிலேயே கரைத்தவள்.

காலையில் சிதம்பரம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. புஷ்பவள்ளி, சிப்காட் தாண்டியதும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நித்யா மேரி மடியில் இருந்த லேப்டாப் பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். ஆலப்பாக்கம் போயிற்று, புதுச்சத்திரம் போயிற்று. அவள் அழுகிறாளோ என்று புஷ்பவள்ளிக்குப் பயமாக இருந்தது.

"ஜட்ஜுங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லல்லக்கா?" என்று கடைசியில் கேட்டாள்.

"இல்ல. மெட்ராஸ்லேருந்து வர்றவங்க. நாமளா சொன்னாத்தான் உண்டு."

நித்யா மேரி மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். தனக்கும் தோன்றாமல் போயிற்றே என்று முணுமுணுத்தாள். அவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் தவக்காலத்தில் கிடையாது, நாள் விஷயத்தில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் இந்தப் பக்கம் திரும்பினாள். முகம் வாடித்தான் இருந்தது.

"சொல்லிருங்க. என்னால சொல்ல முடியாது. ஆனா பக்கத்துல நிக்கிறேன்."

அண்ணாமலை நகரில் ஒரு கூடம். வாடகை மேடை, வாடகை ஏசி. எட்டு ஊர்க்காரர்கள் வந்திருந்தார்கள். பத்தரை அடித்துச் சற்று நேரத்தில் கடலூர் என்று கூப்பிட்டார்கள். அடுத்த அணியோடு இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று நித்யா மேரி காதோரம் கேட்டாள். இவளுக்காகத்தான் கேட்டாள், பாவம். புஷ்பவள்ளி காது கேட்காதவள் மாதிரி எழுந்து போய்விட்டாள்.

திரையில் விரிந்த வரைபடத்தில் திருவந்திபுரத்தின் பட்டை மற்றப் பட்டைகளைவிட ஓங்கி நின்றது. கூடத்தில் ஒரு பாராட்டு முணுமுணுப்பு எழுந்து அடங்கிற்று. நடுவர்களில் ஒருவர் குறிப்பு எடுக்கக்கூடத் தொடங்கிவிட்டார். இந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கியிருந்தால் கேட்பாரில்லை. முதல் பெஞ்சு, தோளில் பையோடு, வராத பஸ்ஸுக்கு நிற்பது கண்ணில் வந்தது. மைக்கை வாய்க்கு ரொம்பக் கிட்டே பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இந்தப் பட்டை பொய்ங்க. எண்ணுன நாள் அத்தனையும் நான் நல்ல நாளாப் பாத்துக் குறிச்சது. முகூர்த்த நாள். அது பஸ்ஸுக்குக் காத்திருக்கிற கூட்டம் இல்ல, கல்யாணக் கூட்டம். முதுநகர் பஸ்ஸ எடுக்கக்கூடாது."

முதலில் பின் வரிசையில் ஒருவன் சிரித்தான், பிறகு கூடமே சிரித்தது. புள்ளியியல் டீச்சராம் என்று யாரோ சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. காது மடல் சுட்டது. மேடை ஓரத்தில் நித்யா மேரி, சொன்ன சொல் தவறாமல் பக்கத்தில் வந்து நின்றாள். சிரிக்காத ஒரே ஆள், நடுவில் உட்கார்ந்திருந்த நரைத்த தலை நடுவர் அம்மாள். முறையில் குற்றமில்லை, நாளில்தான் குற்றம் என்றார் அவர். மறுபடி எண்ணத் தயாரா என்று கேட்டார். தயார் என்றாள்.

"அந்த நாள யார் குறிக்கப் போறீங்க?" என்றார் நடுவர்.

கூடம் மறுபடி சிரித்தது. புஷ்பவள்ளி கைப்பையைத் திறந்து, எங்கே போனாலும் கூடவே வருகிற பாக்கெட் காலண்டரை எடுத்தாள். மூலை மடங்கி, குங்குமக் கறை பிடித்த காலண்டர். அதை மேஜைமேல் வைத்து, பார்க்காமலே பக்கங்களைப் புரட்டி விரித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலை எங்கேயோ வைத்தாள்.

திறந்து பார்த்தாள். ஆடி மாதம். கரிநாள்.

அடுத்த கட்டத்துக்கு விரல் அரை அங்குலம் நகர்ந்தது. நகர்ந்த விரலைத் திரும்பக் கொண்டுவந்து கரிநாள்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, மற்றக் கையைப் பேனாவுக்காக நித்யா மேரியின் பக்கம் நீட்டினாள்.