தேங்காய்ப் பை

அம்மா குவைத்திலிருந்து முதல் தடவை விடுப்பில் வந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அவள் போகும்போது எனக்கு மூன்று வயது. இடையில் ஆறு வருடமும் அவள் எனக்கு ஒரு குரல்தான். வெள்ளிக்கிழமைதோறும் அப்பாவின் செல்போனில் வரும். சாப்பிட்டியா, படிக்கிறியா, அத்தை சொன்ன பேச்சு கேக்குறியா என்று மூன்று கேள்விகள் கேட்கும். மூன்றுக்கும் ஊம் சொல்லிவிட்டு போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடுவேன்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் வைத்திருந்தார். இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் வருடம் நன்றாக விளைந்தது, ஆனால் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. அந்த வருடம்தான் அம்மா விமானம் ஏறினாள். ஒரு வீட்டில் சமைத்துப்போட்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலை.

என்னை அத்தை வளர்த்தாள். அப்பாவுக்கு அக்கா. கணவன் இறந்தபிறகு இரண்டு பையன்களோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. சோறு இருந்தது, அடி இருந்தது, தூங்கும்போது பிடித்துக்கொள்ள அத்தையின் முந்தானை இருந்தது.

புறப்படுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அம்மா நான்காவதாக ஒன்று சொன்னாள். "வந்ததும் என் கையாலயே உனக்குத் தேங்காப் பை பண்ணித் தர்றேன்டா கண்ணு. ரொம்ப ஈசி. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்."

என் பள்ளிக்கூடப் பைக்கு அப்போது ஜிப் போய் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது. தேங்காய் நாரில் கயிறு திரிக்கிறார்கள், மிதியடி செய்கிறார்கள், பை மட்டும் செய்யமாட்டார்களா என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பு முழுக்கச் சொன்னேன். பழைய பையை மாட்டுக்கொட்டகையில் எறிந்துவிட்டு நான்கு நாள் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அம்மா வந்து இறங்கினாள். சென்ட் வாசனையும் புது செருப்புமாக வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். நான் அத்தைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"அம்மாடி, உங்கம்மாதான். அம்மான்னு கூப்புடு" என்றாள் அத்தை.

வாய் வரவில்லை. அத்தையை நான் 'நீ' என்றுதான் பேசுவேன். அம்மாவிடம் 'நீங்க' என்று வந்தது. எதற்காவது அவளைக் கூப்பிடவேண்டியிருந்தால் பக்கத்தில் போய்ப் பேசாமல் நிற்பேன், அவளாகத் திரும்பிப் பார்க்கும்வரை. முப்பது நாள் விடுப்பு. ஒவ்வொரு நாளும் தலை வாரும்போது கேட்டாள்: "ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்புடேன். எனக்குக் கேக்கணும்போல இருக்கு." நான் பின்னல் பாதியில் இருக்கும்போதே எழுந்து ஓடினேன். "அஞ்சு நாள் போயிடுச்சு அண்ணி" என்று அவள் அத்தையிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஆறாம் நாள் பை செய்ய உட்கார்ந்தாள். மைதாவில் வெண்ணெய் போட்டுப் பிசைந்து, சப்பாத்தி மாதிரி தேய்த்து, ஒரு எவர்சில்வர் தட்டில் விரித்து ஓரத்தை விரலால் கிள்ளிக் கிள்ளி மடித்தாள். முட்டையையும் சர்க்கரையையும் அடித்தாள். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து அதில் ஊற்றினாள். அவள் வேலை செய்கிற வீட்டில் இதற்கென்று அடுப்பு உண்டாம், திருகினால் போதுமாம். இங்கே பெரிய அலுமினிய அண்டாவில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை இறக்கி மூடினாள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"பை எங்க?" என்றேன்.

"இதான்டா பை. திங்கிறது."

அத்தையின் பெரிய மகன் தரையில் உருண்டு சிரித்தான். "இதுலயா புஸ்தகத்த வெப்ப?" நான் அழவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போய்ப் பழைய பையைத் தேடினேன். கன்றுக்குட்டி அதன் வாரைச் சப்பி வைத்திருந்தது.

திரும்பி வந்தபோது அண்டாவைத் திறந்திருந்தார்கள். தட்டில் மஞ்சள் தண்ணீர் நின்றது, நடுவில் கட்டி கட்டியாக ஏதோ மிதந்தது.

"ஏம்மா, தென்னமரத்தடியில பொறந்துட்டுத் தேங்காப்பால் திரியும்னு மறந்துபோச்சா உனக்கு?" என்றாள் அத்தை. "இம்மாந் தீயா வெக்கிறது?"

"அங்க டின்னுல வரும் அண்ணி. எவ்ளோ கொதிச்சாலும் திரியாது."

"திரியாத பாலு என்ன பாலு? நல்லாருக்கு போ. ஈசி ஈசின்னே மத்தியானம் ஆயிடுச்சு. தள்ளு."

அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாலைத் தனியாகப் பிழிந்தாள். ஒரு கரண்டி பச்சரிசி மாவை அதில் கட்டியில்லாமல் கரைத்தாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். அம்மா மறுபடியும் மாவைத் தேய்த்தாள். அடுப்பைக் குறைத்துவைத்துவிட்டு இரண்டு பேரும் அண்டாவுக்கு முன்னால் காத்திருந்தார்கள். இந்தத் தடவை அது வெந்து, மேலே பொன்னிறமாகி, அசைத்தால் லேசாக ஆடியது. வாசனை தெருவுக்குப் போயிற்று.

அம்மா எனக்கென்று முதல் துண்டை வெட்டினாள். வெட்டியதும் அதன் முறுகலான ஓரத்தை நறுக்கித் தள்ளிவிட்டு நடுப்பாகத்தை மட்டும் என் தட்டில் வைத்தாள். என்னைக் கேட்கவில்லை. கை தானாகச் செய்தது.

"ஓரத்த ஏன் எடுக்குற?" என்றாள் அத்தை. "அவளுக்கு ஓரந்தானே உசுரு. தோசையில முறுகல மட்டும் பிச்சுத் தின்னுட்டு நடுவ நாய்க்குப் போடுவா."

அம்மாவின் கை நின்றது. "அங்க பாப்பாவுக்கு ஓரம் ஆவாது. அந்தப் பழக்கத்துல..." என்றாள்.

அப்படி ஒரு பாப்பா இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எவ்வளவு பெரியது என்று கேட்டேன்.

"உன்னவிட ரெண்டு வயசு சின்னது. உன் தோள் ஒசரம் இருக்கும். நான் போறப்ப கைக்கொழந்த."

"அது உங்கள என்னன்னு கூப்புடும்?"

அம்மா கத்தியைத் துணியில் துடைத்தாள். துடைத்த கத்தியை மறுபடியும் துடைத்தாள். "மாமான்னு" என்றாள்.

பெரியவனுக்கு வாயிலிருந்தது புரையேறிவிட்டது. "மாமாவா! ஏன் அத்த, அந்த ஊருக்குப் போனா மீசை மொளைச்சிடுமா?" என்று அம்மாவைக் கேட்டான். சின்னவன் ஓடிப்போய் எங்கள் அப்பாவின் துண்டை எடுத்துவந்து அம்மாவின் தோளில் போட்டான். அத்தைகூட, "என்ன கண்றாவி ஊரோ, பொம்பளையப் போய் மாமாங்குதே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவும் சிரித்தாள். "அங்க அப்படித்தான் அண்ணி" என்றாள்.

எல்லாரும் சிரிக்கிறார்கள் என்ற தைரியத்தில் நான் தட்டை நீட்டினேன். "மாமா, அந்த ஓரத்தக் குடுங்க."

நான் அவளை ஏதோ ஒன்று சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா சிரிப்பை நிறுத்தினாள். பிறகு தட்டைச் சுற்றியிருந்த ஓரம் முழுவதையும் உடைத்து உடைத்து என் தட்டில் குவித்தாள். மற்றவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பையன்கள் சண்டைக்கு வந்தார்கள்.

மீதி இருபத்து நான்கு நாளும் நான் அப்படியே கூப்பிட்டேன். மாமா தண்ணி குடுங்க, மாமா தல வாரிவிடுங்க. அத்தை பையன்கள் எங்கள் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் வீட்டில் யார் மாமா என்று கத்தினாலும் கொல்லையிலிருந்து அப்பாவும் சமையற்கட்டிலிருந்து அம்மாவும் ஒரே நேரத்தில் ஏன் என்பார்கள். அதற்காகவே கத்தினோம். தலை வாரும்போது அவள் பழைய கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு வேன் புறப்பட்டபோது "போயிட்டு வாங்க மாமா!" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு தடவை வந்தாள். அப்போதெல்லாம் அம்மா என்றுதான் கூப்பிட்டேன். கொஞ்சம் வளர்ந்ததும் அது தானாக வாயில் வந்துவிட்டது. ஆனால் ஒரு தடவை கூப்பிட்டால் அவள் திரும்பமாட்டாள், இரண்டாம் தடவையும் கூப்பிடவேண்டும். காது மந்தமாகிவிட்டது என்று அத்தை டாக்டரிடம் அழைத்துப் போனாள். காது நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்று திருப்பூருக்குப் போனேன். அங்கிருந்து கொச்சி, பிறகு வேறு ஊர்கள். ஒரு ஊரில் ஒரு வருடத்துக்குமேல் எனக்குத் தரித்ததில்லை. அம்மா சிறுநீரகம் கெட்டு ஊருக்கே திரும்பி, ஒன்றரை வருடம் படுக்கையில் இருந்து இறந்தாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்துச் சென்னையில் ஒரு லாட்ஜில் சமையலுக்கு இருந்தேன். வைத்தியத்துக்காக வரும் அரபு நாட்டுக் குடும்பங்கள் தங்குகிற இடம். ஒரு நாள் காலை டீ கொண்டுபோகும்போது ஒரு சிறு பெண் நடையில் நின்று "மாமா! மாமா!" என்று கத்தியது. யாராவது ஆண் வருவான் என்று பார்த்தேன். கறுப்பு அங்கி போட்ட பெண் ஒருத்தி அறையிலிருந்து ஓடிவந்து அதைத் தூக்கிக்கொண்டாள். அவர்களுக்கு மொழிபெயர்க்க வரும் பையனிடம் கேட்டேன். "அவங்கம்மாவத்தாங்க்கா கூப்புடுது. அவங்க பாஷைல அம்மான்னா அதான்" என்றான். டீத் தட்டைப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்த விடுப்பில் நான் மாமா என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அம்மா முதல் குரலிலேயே திரும்பினாள். கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் திரும்புவாள். அவள் கண் முதலில் என் தோள் உயரத்தில் போய்த் தேடும். அங்கே ஒன்றும் இல்லாமல், மெதுவாக மேலே ஏறி என் முகத்துக்கு வரும். கீழே எதையோ போட்டுவிட்டுத் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு தடவை நானும் குனிந்து அவளோடு சேர்ந்து தேடினேன்.