சட்டைப் பையில் குத்திய ஊக்கு

என் கணவருக்கு மண்ணீரல் கிடையாது. போடிமெட்டு ரோட்டில் ஒரு வளைவில் ஜீப் கவிழ்ந்தபோது அது உள்ளேயே கிழிந்துவிட்டது. எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று எடுத்துவிட்டார்கள். உடம்பு தேறியதும் தேறாததுமாக, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மறுபடி மலைக்குக் கிளம்பிவிட்டார். "ஒரு சாமான் கொறஞ்சா வண்டி ஓடாதா?" என்பார். அவரிடம் பேசி நான் ஜெயித்ததே இல்லை.

நான் போடியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். கிருமிகளைக் கண்ணாடித் தகட்டில் பார்த்துப் பழகியவள். அதனால் டாக்டர் சொன்ன எச்சரிக்கை அவரைவிட எனக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

சில கிருமிகள் மேலே வழவழப்பாக ஓர் உறையைப் போர்த்திக்கொண்டு வரும். அந்த உறை விஷமல்ல. நம் வெள்ளை அணுக்கள் விழுங்க வரும்போது, தோல் உரித்த நுங்கு கையில் நிற்காமல் வழுக்குமே, அப்படி வழுக்கிப் போய்விடும். உறை இல்லாவிட்டால் அதே கிருமியை உடம்பு சுலபமாக விழுங்கிவிடும். இப்படித் தப்பித் திரிகிறவற்றை ரத்தத்திலிருந்து வடிகட்டிப் பிடிக்கிற இடம் மண்ணீரல். அது இல்லாதவருக்குக் காலையில் குளிர் எடுத்தால் சாயங்காலத்துக்குள் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். உறையை அடையாளம் காண உடம்பைப் பழக்குவதற்கு ஊசி உண்டு, போட்டோம். ஆனால் உறைகளில் பல தினுசு, எல்லாவற்றுக்கும் ஊசி இல்லை. அதனால் டாக்டர் ஒரு மாத்திரை அட்டையும் கொடுத்து, காய்ச்சல் என்றால் உடனே விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். அதை என் கணவரே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், மேலே நான் தினமும் ஊக்கு குத்தி அனுப்புவேன்.

ஓர் ஐப்பசி மழை நாளில், காலை பத்து மணிக்கு மலையிலிருந்து போன் பண்ணினார்.

"லேசாக் குளிர்காய்ச்சல். பதறாத. ஸ்டோர்ல ஒக்கார வச்சிருக்காக. காயோட காயா நானும் காயிறேன்."

ஸ்டோர் என்பது பறித்த ஏலக்காயைச் சூடேற்றிக் காயவைக்கும் அறை. அந்தத் தோட்டத்தில் யாருக்குக் குளிர் கண்டாலும் கம்பளியைச் சுற்றி அதற்குள் உட்காரவைத்துவிடுவார்கள். வேர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. பிரியத்தில் செய்வதுதான், பாதகமில்லாத காய்ச்சலாக இருந்தால் இறங்கியும் விடும். ஆனால் இவருக்குப் பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்குப் போனிலேயே கேட்டது.

"மாத்திரை போட்டீங்களா?"



"காய் எடுக்கிற அக்கா ஒண்ணு, போன வாரம் பல்லு வலியில மொகம் வீங்கிக் கெடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அட்டையக் குடுத்துட்டேன்."

வெறும் பைக்கா ஒரு வாரமாக ஊக்கு குத்தினேன் என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. போனை ஸ்டோர்க்காரரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அண்ணே, அவர மொதல்ல வெளிய கொண்டாங்க. எந்த ஜீப்பு நின்னாலும் ஏத்தி வெரசா போடி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்க. அந்த அக்காகிட்ட மாத்திரை மிச்சம் இருக்கான்னு கேளுங்க, இருந்தா ஒடனே முழுங்கக் குடுங்க."

மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களை வாய் வலிக்கத் திட்டுகிறவள் நான். "வலி போயிருச்சுன்னா கிருமி போயிருச்சா?" என்று வயதில் பெரியவர்களைக்கூட விட்டதில்லை. அன்று பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும்போது, அந்த அக்கா பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே போனேன்.

ஜீப் வந்தபோது அவர் தலை அந்த அக்காவின் மடியில் இருந்தது. கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. அவரை அப்படியே தேனிக்குக் கொண்டுபோனோம். மலையிலேயே மாத்திரை உள்ளே போயிருக்காவிட்டால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அன்று ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அவர் ரத்தத்தில் வளர்ந்த கிருமியைக் காட்டினார்கள். இரண்டிரண்டாக நின்றது. ஒவ்வொரு ஜோடியைச் சுற்றியும் சாயம் ஏறாத வெளிச்ச வளையம், அந்த உறை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்தால் அந்த அக்கா மலையிலிருந்து மறுபடி இறங்கி வந்து, கட்டிலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் திட்டுகிறவள் என்று இவர் அதற்குள் சொல்லிவைத்திருக்கிறார்.

"வையாத தாயி. ரெண்டு நாள்ல வீக்கம் வத்திருச்சு. அதான் மிச்சத்தப் போடாம சுருக்குப் பையில முடிஞ்சு வச்சேன். அது குத்தமா?"

"குத்தந்தான்க்கா," என்றேன். அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.