ஆற்றோடு நின்ற பனி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் தெற்கு லண்டனில், நோர்பரியில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்த நான் அங்கே ஒரு சலவைக் கடையில் வேலை செய்தேன். படிப்பித்த பாடத்தில் வானிலையை மட்டும் விட முடியவில்லை. வீட்டுப் பின்வளவில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் பார்த்துக் கொப்பியில் எழுதுவேன்.

இந்தப் பைத்தியம் பிடித்த இன்னும் இரண்டு பேரை அறிவேன். ஒருவர் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி. தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். தன் தோட்டத்தில் மழையை அளந்துகொண்டிருந்தார். மற்றவர் சற்றுத் தள்ளி மோர்டனில் இருந்த மலேசியத் தமிழர், மின் பொறியாளர். எங்கள் பிள்ளைகள் ஒரே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனதில் பழக்கம். கப்பல்களுக்காக வானொலியில் வாசிக்கும் வானிலையை டேப்பில் பதிந்து, அதைக் கேட்டுக் கேட்டுத் தானே படம் வரைவார்.

என் தங்கையின் கல்யாணம் ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை, தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே மாப்பிள்ளை இருந்த ஈஸ்ட் ஹாமில். அதற்கு முந்தின புதன்கிழமை தொலைக்காட்சியில் வானிலை சொன்னவர், தென்மேற்கிலிருந்து ஒரு புயல் வருகிறது என்றார். வெள்ளி இரவு லண்டனில் பனி கொட்டலாம், வெறும் மழையாகவும் போகலாம், இப்போது சொல்வது கடினம் என்று முடித்துக்கொண்டார்.

உடனே பொறியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மழைதான் அக்கா. புயல் நேரா நம்ம மேல வருது, கூடவே கடல் சூட்டையும் கொண்டு வரும்," என்றார்.

"இல்லைத் தம்பி, அது மேல வராது. ஆங்கிலக் கால்வாயோட கிழக்கால போகும். அப்ப குளிர்காத்து எங்கட பக்கம்தான் நிக்கும். ஸ்நோ விழும்."

"எதை வச்சு சொல்றீங்க?"

"மூண்டு நாளாக் கிழக்குக் காத்து. வெப்பமானி ஏறவே இல்லை."

பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் வேலியில் நின்று கேட்டேன். எங்கள் இருவரையும் அவர் பொருட்படுத்தவில்லை. புயல் பிரான்சுக்குப் போய்விடும், இங்கே ஒன்றும் விழாது என்றார்.

வியாழக்கிழமையும் பேச்சு முடியவில்லை. ஆனால் எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. கல்யாணப் பொம்பிளையான தங்கையையும் சேலைகளையும் வெள்ளி மத்தியானமே ஈஸ்ட் ஹாமுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன்.

"நீர் சொல்லுறது நடக்காட்டி?" என்றார்.

"எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். பொம்பிளை நோர்பரியில நிண்டுபோனால் ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்."

பொறியாளரையும் வெள்ளியே வரச் சொன்னேன். கல்யாண மாலைகளை டூட்டிங்கில் ஒரு பூக்கடையில் சொல்லியிருந்தோம். அவற்றை வெள்ளிக்கிழமையே எடுத்து ஈஸ்ட் ஹாமுக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. "மழைக்கெல்லாம் யாரு பயப்படுவா அக்கா? காலையில எட்டு மணிக்கு மாலையோட நிப்பேன்," என்றார்.

என் கணவரின் அக்கா ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறை வீட்டில் இருந்தார். அங்கே பதினொரு பேர் படுத்தோம். சனி விடிந்ததும் திரையை விலக்கினேன். தெரு காய்ந்து கிடந்தது. கார்க் கண்ணாடிகளில்கூட வெள்ளை இல்லை.

"எங்க மச்சாள் உம்மட ஸ்நோ?" என்று கேட்டபடி கணவரின் அக்கா தேநீரை நீட்டினார். படுக்க இடமில்லாமல் இரவெல்லாம் கதிரையில் இருந்த என் கணவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

எட்டு மணியாயிற்று, எட்டரையாயிற்று. பொறியாளரைக் காணவில்லை. மோர்டனுக்கு அழைத்தேன். அவர் மனைவி எடுத்தார். "உங்களுக்குத் தெரியாதாக்கா? ராத்திரி பூரா ஸ்நோ. ஸ்டேஷனை மூடிட்டாங்க. ரயில் ஓடுற இடம் வரைக்கும் நடந்து போறேன்னு மாலைப் பெட்டியைத் தூக்கிட்டு ஆறு மணிக்கே கிளம்பிட்டாரு."

கேட்டதும் எனக்கு வந்த முதல் உணர்வு மகிழ்ச்சி. நான் சொன்னது விழுந்திருக்கிறது. அடுத்த கணமே வெட்கமாகிவிட்டது. அந்த மனிதர் பெட்டியோடு பனியில் நடந்துகொண்டிருக்கிறார்.

முகூர்த்தம் காத்திருக்காது. என் கணவர் கடைத்தெருவுக்கு ஓடி இரண்டு மெல்லிய மாலைகளை வாங்கி வந்தார். தெற்கு லண்டன் உறவினரில் பாதிப்பேர் வராத மண்டபத்தில் தாலி ஏறியது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது பொறியாளர் உள்ளே வந்தார். முழங்கால்வரை ஈரம், காது இரண்டும் சிவந்திருந்தன. பெட்டியை என் கையில் தந்துவிட்டு, "அஞ்சு இஞ்ச் அக்கா. அளந்துட்டுத்தான் கிளம்பினேன்," என்றார். பிறகு ஜன்னல் பக்கம் போய்த் தெருவைப் பார்த்தார். "இங்க ஒண்ணுமே இல்லையா?"

"இல்லை. ஆத்துக்கு இந்தப் பக்கம் வரேல்லை."

"அப்போ நீங்களும் தப்புதான்."

"ஓம், அரைவாசி," என்றேன்.

தங்கை பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஓரத்துப் பூக்கள் குளிரில் கருகியிருந்தன. மற்றவை நன்றாகவே இருந்தன. யாரையும் கேட்காமலே மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள். இருவரும் மீண்டும் மாலை மாற்றினார்கள். பொறியாளரையும் நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் ஒரு காகிதக் கைதுடைப்பானை விரித்து, பேனாவால் கால்வாயையும் தேம்ஸையும் வரைந்தார். பனி ஏன் ஆற்றோடு நின்றது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, மண்டபத்தைப் பூட்டவேண்டும் என்று ஒருவர் வந்து சொன்னார். அன்று மோர்டனுக்கு ரயில் இல்லை. பொறியாளரும் அந்த இரண்டு அறை வீட்டுக்கே வந்தார்.