சாமை எது, புல் எது

களை எடுக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. சாமைக்கு நடுவே சாமை மாதிரியே ஒரு புல் முளைக்கும். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில், அதைப் பிரித்துப் பார்ப்பதில் என் மனைவி வள்ளிக்குத்தான் பேர். அன்று அவள் சாமையைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு, புல்லை விட்டுக்கொண்டே போனாள்.

"இன்னாக்கா, இந்த வருஷம் புல்லுல களி கிண்டப் போறியா?" என்று பக்கத்து நிலத்துக்காரி கேட்டாள். வள்ளியும் சிரித்தாள்.

பிறகு அடுப்பு முன்னால் நின்று, அடுத்து என்ன செய்வது என்று என்னைக் கேட்க ஆரம்பித்தாள். அமிர்தி வழியாக வேலூருக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் (தலைக்குள் படம் எடுப்பது) பார்த்த டாக்டரம்மா, மறதி நோய் என்றார். வயதானவர்களுக்கு வருவது, அபூர்வமாகச் சிலருக்கு நாற்பதுகளிலேயே வருமாம்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருக்கலாம். டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். தோல் உரிந்தால் புதுத்தோல் வரும். நரம்பணுக்கள் (மூளையில் உள்ள மிக நுண்ணிய உயிரணுக்கள்) அப்படியில்லை. பெரும்பாலும் பிறவியில் இருந்ததே கடைசிவரை. ஒவ்வொன்றுக்குள்ளும் உடம்பு முழுவதற்குமான பாடம் இருக்கிறது. நரம்பணு தன் வேலைக்கான பாடத்தை மட்டும் திறந்துவைத்து, மற்றதை மூடியே வைக்கவேண்டும். ஒருநாள் மூடினால் போதாது, வாழ்நாளெல்லாம். இந்த நோயில் அந்தக் காவல் தளர்கிறது என்று இப்போது கருதுகிறார்களாம். அணு, தான் யார் என்பதை விட்டுவிடுகிறது. அப்புறம் செத்தும் போகிறது.

"திரும்பி வருமாங்க?" என்றேன்.

"வராதுங்க. மருந்து கொஞ்ச நாளைக்குத் தாங்கிப் பிடிக்கும், அவ்ளோதான்."

எங்கள் சின்னவள் பவித்ரா மூன்றாவது படிக்கிறாள். பள்ளிவிட்டு வந்தவளை ஒருநாள் வள்ளி, "யாரு வூட்டுப் பொண்ணு நீ? உங்கம்மா தேடமாட்டாளா?" என்று கேட்டுவிட்டாள். அதோடு பிள்ளை அவள் பக்கமே போகவில்லை. அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பிடிக்காமல் இல்லைம்மா, அவளுக்குள் இருக்கிற அணுக்களால் முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுக்கொள்வாள், போகமாட்டாள்.

ஒரு காலையில் தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பவித்ரா."

"நல்ல பேரு. யாரு வெச்சது?"

"நீதாம்மா."

வள்ளி அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிள்ளைக்குத் தலை வாரினாள். பின்னி முடிப்பதற்குள், யார் நீ என்று மறுபடி கேட்டாள். பவித்ரா மறுபடி சொன்னாள்.

இப்போதெல்லாம் கண் விழித்ததும், நான் நானாகவே இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. உள்ளே அத்தனை அணுக்களும் ஓயாமல் காவல் காத்திருக்கின்றன. பவித்ரா என்ற பேர் வள்ளியிடம் தங்குகிற கொஞ்ச நேரம்தான் எங்களுக்கு ஒரு முழு நாள்.